சென்னையில் தேங்காய் எண்ணெய் உறையும் மாதங்கள்

டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண் ஒருவர், கல்யாணமாகி நவம்பர் கடைசியில் சென்னைக்குக் குடிவருகிறார். அவருடைய கேள்விகள் இவை: சென்னையில் குளிர்காலம் என்று ஒன்று உண்டா, இல்லை அதுவும் வெயிலின் இன்னொரு பெயரா? அந்தச் சமயத்தில் ஒரு வீட்டில் அன்றாடம் எப்படிப் போகும், என்னென்ன விசேஷங்கள் வரும்? கடைசியாக, டெல்லியிலிருந்து மாமியாருக்கு என்ன வாங்கி வரலாம்?

நானும் வெளியூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள்தான். பிறந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், பெரம்பூருக்கு வந்து இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. உங்களுக்குள்ள அதே சந்தேகம் எனக்கும் இருந்தது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் குளிர். டெல்லிக் கணக்கை மூட்டை கட்டி வைத்துவிடுங்கள். இங்கே டிசம்பர், ஜனவரி மாதங்களில் விடியற்காலையில் 20, 21 டிகிரி என்றால் அதுவே குளிர். நுங்கம்பாக்கத்தில் இதுவரை பதிவானதிலேயே குறைவு 13.9 டிகிரிதான், அதுவும் நூறு வருஷத்துக்கு முந்தைய கதை. உங்கள் ஊரில் ஜனவரிப் பகலிலேயே அந்த அளவைப் பார்த்திருப்பீர்கள். ஆனாலும் டிசம்பர் பிறந்ததும் ஐந்தரை மணிக்குப் பால் வாங்கப் போகிறவர் தலையில் குல்லாவும் கழுத்தில் மப்ளருமாகத்தான் போவார். சிரிக்காதீர்கள். மே மாதம் 40 டிகிரியைத் தாங்கிய உடம்பு அது.

என் மாமியாருக்கு, அத்தை என்றுதான் கூப்பிடுவேன், குளிர்காலத்தைக் காட்டும் கருவி குளியலறை ஜன்னலில் இருக்கும் தேங்காய் எண்ணெய் பாட்டில். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும். காலையில் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்ப்பார். எண்ணெய் இறங்கவில்லை என்றால், "எண்ணெ ஒறஞ்சிடுச்சி, இனிமே பசங்களுக்கு வெந்நீர் போடும்மா" என்று உத்தரவு வரும். டிவியில் எந்த அறிக்கை வந்தாலும் அத்தைக்கு அந்த பாட்டில் சொன்னால்தான் குளிர்.

நம் முன்னோர் ஆண்டை ஆறு பொழுதாகப் பிரித்தது இந்த ஊர் வானத்தைப் பார்த்தால்தான் புரியும். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர், மார்கழியும் தையும் முன்பனி. நீங்கள் வந்து இறங்குவது கூதிரின் வாலில். அதாவது உங்கள் குளிர்காலம் குளிரில் தொடங்காது, மழையில் தொடங்கும். ஈரமும் பயமுமாக ஒரு பாதி, பனியும் கோலமுமாக இன்னொரு பாதி. இரண்டுக்கும் நடுவில் கார்த்திகை தீபம் நிற்கிறது.

மழையைப் பற்றி ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். சென்னைக்கு ஆண்டு முழுக்கப் பெய்யும் சுமார் 140 செ.மீ. மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில்தான் கொட்டும். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகியிருக்கிறது என்று செய்தி வந்தால், ஒவ்வொரு வீட்டிலும் ஒரே மாதிரி வேலை தொடங்கும். கரண்ட் போனால் மோட்டார் ஓடாது என்பதால் மேல் தொட்டியை நிரப்பி வைப்பது, போன்களையும் எமர்ஜென்சி விளக்கையும் சார்ஜ் ஏற்றுவது, பால் பாக்கெட் இரண்டு கூடுதலாக வாங்குவது, தரையில் இருக்கும் அரிசி மூட்டையை ஸ்டூல் மேல் ஏற்றுவது. வேளச்சேரியில் கார்களை மேம்பாலத்தின் மேல் வரிசையாக நிறுத்திவிட்டு வருகிறார்கள். எங்கள் தெருவில் பைக்குகள் எல்லாம் திண்ணை உயரமாக இருக்கும் வீட்டுக்குள் போய்விடும். பிள்ளைகளுக்கு வேறு கவலை. கலெக்டர் லீவு விட்டுவிட்டாரா என்று விடியும் முன்பே டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். லீவு விட்டால் அன்றைக்கு வெயில் அடிக்கும், விடாத நாளில் கொட்டும். இதற்கு எந்த வானிலை விளக்கமும் கிடையாது.

'கார்த்திகைக்குப் பின் மழையுமில்லை, கர்ணனுக்குப் பின் கொடையுமில்லை' என்று ஒரு பழமொழி உண்டு. சென்னைக்காரர்கள் இதைச் சொல்லிக்கொண்டே குடையைக் கையில் வைத்திருப்பார்கள். 2015-ல் தீபம் நவம்பர் 25-ஆம் தேதியே முடிந்துவிட்டது. அப்பாடா என்று இருந்தபோதுதான் டிசம்பர் முதல் தேதி அந்தப் பெருமழை வந்தது, அடையாறு கரை புரண்டது. 2023-ல் மிக்ஜாம் புயல் டிசம்பர் 4. அந்தத் தடவை எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர் வடிய நான்கு நாள் ஆனது. தரைத்தள வீட்டு அக்கா குடும்பத்தோடு எங்கள் ஹாலில்தான் படுத்திருந்தார். பழமொழியில் உள்ள கார்த்திகை என்பது தீபத்தைக் குறிக்கவில்லை, மாதத்தைக் குறிக்கிறது என்று அத்தை வாதாடுவார். அப்படிப் பார்த்தால் இந்த இரண்டுமே கார்த்திகை மாதத்துக்குள்தான் வருகின்றன, பழமொழியும் பிழைத்துக்கொள்கிறது. சுனாமி வந்ததும் 2004 டிசம்பர் 26. ஆகவே டிசம்பர் என்றால் இந்த ஊருக்கு உள்ளூர ஒரு நடுக்கம் உண்டு. உங்கள் புகுந்த வீட்டில் யாராவது ராத்திரி மழைச் சத்தத்துக்கு எழுந்து வாசலைப் பார்த்துவிட்டு வந்தால், என்ன என்று கேட்காதீர்கள்.

மழை நாளில் வீட்டு வேலை எப்படி இருக்கும் என்றால், முதல் தலைவலி துணி. துவைத்த துணி மூன்று நாள் ஆனாலும் காயாது. ஹாலில் கயிறு கட்டி ஃபேனுக்குக் கீழே போட்டு, பள்ளிச் சீருடையை மட்டும் இஸ்திரிப் பெட்டியால் காயவைத்து அனுப்புவோம். தீப்பெட்டி உரசினால் பற்றாது, உப்பு ஜாடியில் தண்ணீர் விடும், அப்பளம் நமத்துப்போகும். கொல்லையில் மரவட்டை ஊரும். காய்ச்சல், சளி வீட்டுக்கு ஒருவரையாவது பிடிக்கும். மெட்ராஸ் ஐ என்று கண்ணுக்கே இந்த ஊர் பெயரை வைத்துவிட்ட நோயும் இந்தச் சமயம்தான் சுற்றும். நிலவேம்புக் கஷாயம் எல்லார் வீட்டிலும் காய்ச்சுவார்கள், குடியுங்கள். ஆனால் காய்ச்சல் மூன்றாம் நாளும் விடவில்லை என்றால் கஷாயத்தை நம்பி உட்காராமல் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். டெங்கு கொசுவுக்கு இது அறுவடைக் காலம். பூந்தொட்டித் தட்டு, மாடியில் போட்ட பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை எல்லாவற்றையும் வாரம் ஒரு தடவை கவிழ்த்துவிட வேண்டும்.

சமையலறை இந்த இரண்டு மாதம் தனி நடையில் போகும். கோடையில் ஆறு மணி நேரத்தில் பொங்கி வழியும் இட்லி மாவு, மார்கழியில் பன்னிரண்டு மணி நேரம் ஆனாலும் அசையாமல் உட்கார்ந்திருக்கும். கையால் நன்றாகக் கரைத்து, மூடிய ஓவனுக்குள் வைத்தால்தான் புளிக்கும். பாலைச் சற்றே சூடாக வைத்து, உறை மோரைக் கூடுதலாக விட்டு, ஹாட் பாக்ஸில் போட்டு மூடினால் காலையில் தயிர். மறந்தால் காலையில் பால்தான். நான் வந்த புதிதில் இதை மறந்துவிட்டு, இட்லிக்குப் பதிலாக நான்கு நாள் ரவா உப்புமா போட்டேன். அந்த உப்புமாவைப் பற்றி இன்றும் குடும்பத்தில் பேச்சு உண்டு.

காய்கறிக் கடையிலும் மாறுதல் தெரியும். மழை ஜோராகப் பெய்த வாரம் தக்காளி, வெங்காயம், கத்தரிக்காய் எல்லாம் விலை ஏறும். அப்புறம் மார்கழி நெருங்க நெருங்க அவரை, பச்சை மொச்சை, மாங்காய் இஞ்சி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பனங்கிழங்கு என்று வரிசையாக வந்து இறங்கும். பச்சை மொச்சையைத் தோல் உரித்துப் பிதுக்கிப் போட்டு வைக்கும் குழம்பு இந்தப் பருவத்தின் தலைசிறந்த சாப்பாடு என்பது என் கட்சி. பிதுக்கிக்கொண்டே சீரியல் பார்க்கலாம் என்பது அத்தையின் கட்சி. பூவில்தான் பெரிய இடி. பனியில் மல்லிகை விளைச்சல் சுருங்கிவிடும், முழம் விலை கேட்டால் தலை சுற்றும். அந்த இடத்தை நிரப்பத்தான் டிசம்பர் பூ வருகிறது, ஊதாவும் வெள்ளையுமாக. வாசனை ஒன்றும் கிடையாது, பார்க்க அழகு. பெயரிலேயே மாதத்தை வைத்துக்கொண்டு பூக்கிற பூ வேறு ஏதாவது உண்டா?

இனி விசேஷங்கள். கார்த்திகை முதல் தேதி, நவம்பர் 16 அல்லது 17 வாக்கில், சபரிமலைக்கு மாலை போடுகிறவர்கள் போட்டுவிடுவார்கள். எங்கள் வீட்டில் கொழுந்தனார் போடுவார். அன்றிலிருந்து ஒரு மண்டலம், 41 நாள் என்பது கணக்கு, 48 என்று எண்ணுகிறவர்களும் உண்டு. கறுப்பு வேட்டி, செருப்பில்லாத கால், இரண்டு வேளை பச்சைத் தண்ணீர்க் குளியல், தரையில் படுக்கை. மீனும் கறியும் வீட்டுக்குள்ளேயே வராது. மாலை போட்டவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, சாமி என்றுதான். அவரும் எல்லாரையும் சாமி என்பார். அவருடைய நாலு வயது மகன் ஒரு தடவை, "சாமி, எனக்குச் சாக்லேட் வேணும் சாமி" என்று அப்பாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டான். நேர்மையாகச் சொன்னால், விரதம் அவருடையது, வேலை எங்களுடையது. விடியும் முன்பே குளித்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். ஆனால் எங்கள் தெருவில் வருஷத்தில் மீதி நாளெல்லாம் குடித்துவிட்டு வரும் இரண்டு பேர் இந்த நாட்களில் நெற்றி நிறைய விபூதியோடு ஏழு மணிக்கே வீடு திரும்புவதைப் பார்க்கும்போது, அவர்கள் வீட்டுப் பெண்கள் இந்த மாதத்தை ஏன் எதிர்பார்க்கிறார்கள் என்று புரிகிறது.

அடுத்தது கார்த்திகை தீபம். எனக்கு தீபாவளியைவிடப் பிடித்த நாள் இதுதான். திருவண்ணாமலையில் விடியற்காலை பரணி தீபம், சாயங்காலம் ஆறு மணிக்கு 2,668 அடி உயர மலை உச்சியில் மகாதீபம். டிவியில் அந்தக் கொப்பரையில் சுடர் எழும்பியதைப் பார்த்த பிறகுதான் எங்கள் தெருவில் பெண்கள் வாசல் விளக்கை ஏற்றுவார்கள். பெருமாள் கோயில் வழி வந்தவர்கள் சிலர் மறுநாள் ஏற்றுவார்கள். உங்கள் புகுந்த வீட்டில் எந்த நாள் என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அகல் விளக்குக்கு எங்கள் பக்கத்தவர்கள் புரசைவாக்கத்தை ஒட்டிய கொசப்பேட்டைக்குப் போவோம். களிமண் பிள்ளையாரும் கொலு பொம்மையும் செய்யும் அதே தெருக்கள் இந்த மாதம் அகலாக நிறைந்திருக்கும். வாங்கி வந்த புது அகலை ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து ஏற்றுங்கள். இல்லாவிட்டால் ஊற்றுகிற எண்ணெயையெல்லாம் அதுவே குடித்துவிடும்.

பலகாரம் என்றால் இங்கே பொரி உருண்டை. அவல் பொரி, நெல் பொரி இரண்டும் செய்வார்கள், கூடவே அப்பம், சில வீடுகளில் வெண்ணெய் வைத்து அடை. பொரி உருண்டையில் ஒரு சூட்சுமம்: மழைக்காலத்துப் பொரி நமத்திருக்கும், வெறும் வாணலியில் ஒரு புரட்டுப் புரட்டிக்கொள்ள வேண்டும். வெல்லப் பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டி, தட்டில் போட்டால் டங்கென்று சத்தம் வர வேண்டும். அதற்கு முன்னால் இறக்கினால் உருண்டை உதிரும், தாமதித்தால் பல் உதிரும். எங்கள் ஊரில் இதே நாளில் ஓலைக் கொழுக்கட்டை. அரிசி மாவு, வெல்லம், தேங்காய், சுக்கு, ஏலக்காய் பிசைந்து, பச்சைப் பனை ஓலைக்குள் வைத்துக் கட்டி அவிப்பது. ஓலை வாசனைதான் அதில் பாதி ருசி. சென்னையில் பனை ஓலைக்கு நான் பட்ட பாட்டைச் சொன்னால் அதுவே தனிக் கதை. இப்போது ஊரிலிருந்து வரும் பஸ்ஸில் தம்பி கொடுத்து அனுப்புகிறான். அதனால் எங்கள் வீட்டில் அன்றைக்கு இரண்டு பலகாரம். முதல் வருஷம் அத்தை ஓலையை உரித்து, முகர்ந்து பார்த்து, ஒன்றும் சொல்லாமல் மூன்றாவதையும் எடுத்தபோதுதான் எனக்கு இந்த வீட்டில் ஒரு பிடி கிடைத்தது.

சென்னையில் எனக்குக் குறையாகத் தெரிவது மாவலி. பனம்பூவைச் சுட்டுக் கரியாக்கித் துணியில் கட்டி, மட்டைக்குள் வைத்துச் சுழற்றினால் பொறி வட்டமாகப் பறக்கும். எங்கள் ஊர்ப் பையன்களுக்கு அதுதான் பட்டாசு. கோயில் வாசலில் பனை மரத்தை நட்டு, ஓலை சுற்றிக் கொளுத்தும் சொக்கப்பனை மட்டும் இங்கேயும் உண்டு.

2016-ஆம் வருஷத் தீபத்தைச் சொல்லாமல் நகர முடியாது. அன்று டிசம்பர் 12, திங்கட்கிழமை. அதே நாளில்தான் வர்தா புயல் சென்னையின் மேலேயே கரை கடந்தது. காலையில் பொரிக்குப் பாகு வைக்கும்போதே ஜன்னல் படபடவென்று அடித்துக்கொண்டது. மத்தியானம் தெருமுனை வேப்ப மரம் வேரோடு சாய்ந்து கம்பத்தையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. நடுவில் கொஞ்ச நேரம் காற்று சுத்தமாக நின்றுபோனது. முடிந்துவிட்டது என்று எல்லாரும் வெளியே வந்து பார்த்தோம். அது புயலின் கண் என்பது அப்புறம்தான் தெரிந்தது. எதிர்ப் பக்கத்திலிருந்து மறுபடியும் பிடித்துக்கொண்டது. சாயங்காலம் விளக்கேற்ற வேண்டிய நேரத்தில் வாசலில் சுடர் நிற்கவே இல்லை. அத்தை ஒரு அகலை முந்தானையால் மறைத்துப் பிடித்தும் அணைந்தது. பிறகு எல்லா விளக்கையும் உள்ளே கொண்டுவந்தோம். நட்சத்திரத்துக்கு ஒன்றாக 27 அகல். ஹால், சமையலறை, மாடிப்படி, ஜன்னல் திட்டு என்று வைத்தோம். ஊர் முழுக்கக் கரண்ட் இல்லை. ராத்திரி காற்று அடங்கியபின் மொட்டை மாடியில் ஏறிப் பார்த்தால், ஒரு டியூப் லைட் கிடையாது, ஒரு பல்பு கிடையாது. ஜன்னலுக்கு ஜன்னல் அகல் விளக்கு மட்டும். அதற்குப் பிறகு அப்படி ஒரு தீபத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கவும் வேண்டாம். எங்கள் தெருவுக்கு நாலாம் நாள்தான் கரண்ட் வந்தது. அதுவரை ராத்திரி வெளிச்சம் அந்த அகல்கள்தான். பழைய நோட்டுகள் செல்லாது என்று அறிவித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, கையில் காசில்லை, கார்டு தேய்க்க மிஷினுக்குக் கரண்ட் இல்லை. மளிகைக் கடை அண்ணாச்சி நோட்டில் எழுதிக்கொண்டு மெழுகுவத்தியும் பிஸ்கட்டும் கொடுத்தார். பொரி உருண்டை இரண்டு ராத்திரிக்குச் சாப்பாடானது.

சரி, மார்கழிக்கு வருவோம். டிசம்பர் 16 வாக்கில் பிறக்கும். இந்த மாதம் கல்யாணம் வைக்க மாட்டார்கள், வீடு மாற மாட்டார்கள். மாதமே சாமிக்கு என்று கணக்கு. நீங்கள் கவனித்தால் ஒரு வேடிக்கை தெரியும்: சென்னையில் சாயங்காலம் சீக்கிரம் இருட்டுவது நவம்பர் கடைசியில்தான் உச்சம், 5.40-க்குள் பொழுது சாய்ந்துவிடும். டிசம்பரில் அது மெல்லத் தள்ளிப் போக ஆரம்பிக்கும். காலையிலோ நேர் எதிர். சூரியன் உதிக்கும் நேரம் ஜனவரி கடைசி வரை தாமதமாகிக்கொண்டே போய், ஆறரை மணியைத் தாண்டிவிடும். ஆகவே மார்கழிக் காலை வருஷத்திலேயே நீளமான இருட்டுக் காலைகளில் ஒன்று. அந்த இருட்டில் எழுந்திருப்பதுதான் இந்த மாதத்தின் மொத்த வேலையும். நாலரை மணிக்குத் தெருக்கோடிப் பிள்ளையார் கோயில் ஒலிபெருக்கி கரகரவென்று தொண்டையைச் செருமும். அப்புறம் திருப்பாவை, திருவெம்பாவை. ஆண்டாளின் முப்பது பாசுரம், நாளுக்கு ஒன்று. மாணிக்கவாசகரின் திருவெம்பாவை இருபது, திருப்பள்ளியெழுச்சி பத்து, அதுவும் சரியாக முப்பது. ஒலிபெருக்கிச் சத்தம் அதிகம்தான், வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருந்தால் எரிச்சல் வரும். அரையாண்டுத் தேர்வும் இதே வாரங்களில்தான் வந்து தொலைக்கும்.

வாசல் தெளித்துக் கோலம் போடுவது வருஷம் முழுக்க உண்டு. மார்கழியில் மட்டும் அது போட்டியாகிவிடும். மற்ற மாதம் ஐந்து புள்ளியில் முடித்தவர்கள் இப்போது பதினைந்து புள்ளியில் தெருவின் பாதியை வளைப்பார்கள். முந்தின நாள் ராத்திரியே நோட்டில் போட்டுப் பார்த்துக்கொள்வோம். கடையில் விற்கும் கோலமாவு கல்லை அரைத்தது, விரலில் நன்றாக விழும். கொஞ்சம் பச்சரிசி மாவு கலந்துகொண்டால் எறும்புக்கும் ஆகாரம். அபார்ட்மெண்டில் வாசலே கிடையாதே என்று நினைக்காதீர்கள். கேட்டுக்கு முன்னால் உள்ள இடத்தை வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை வைத்துப் போடுகிறார்கள், அந்த முறை தவறினால் வாட்ஸ்அப் குழுவில் குளிர்காலம் சூடாகிவிடும். நடுவில் சாணி உருண்டை வைத்துப் பரங்கிப் பூ செருகுவது இங்கே அருகிவிட்டது. எங்கள் ஊரில் அந்த உருண்டைகளை வறட்டியாகத் தட்டிச் சேர்த்து வைத்து, தை மாதம் சிறுவீட்டுப் பொங்கலுக்குப் பிறகு ஆற்றில் விடுவோம். இங்கே ஆறு என்று கிட்டத்தில் இருப்பது 'ஓட்டேரி நல்லா' என்கிற கழிவுநீர்க் கால்வாய். வேண்டாம்.

குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போனால் ஆறு மணிக்குள் தொன்னையில் சூடாக வெண்பொங்கல். மிளகும் நெய்யும் முந்திரியும் போட்ட அந்தப் பொங்கலை வீட்டில் எத்தனை தடவை செய்தும் அந்த ருசி வந்ததில்லை. அங்கே பெரிய அண்டா, குளிர், பசி மூன்றும் சேர்ந்து சமைக்கின்றன.

மார்கழிக்குள் பண்டிகைகள் நெருக்கமாக வரும், விரைவாகச் சொல்லிவிடுகிறேன். வைகுண்ட ஏகாதசிக்குத் திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலில் சொர்க்கவாசல் திறப்பு, ராத்திரியிலிருந்தே வரிசை நிற்கும். கண் விழிப்பதற்காக வீட்டில் பரமபதம் விளையாடுவோம். 2025-ல் இந்த ஏகாதசி ஜனவரி 10, டிசம்பர் 30 என்று இரண்டு முறை வந்தது. மாதம் சூரியக் கணக்கு, ஏகாதசி சந்திரக் கணக்கு, அதனால் இப்படி ஆகும். அனுமன் ஜெயந்திக்கு நங்கநல்லூரில் 32 அடி ஆஞ்சநேயரைப் பார்க்கக் கூட்டம் அலைமோதும். திருவாதிரைக்குக் களியும் ஏழுகறிக் கூட்டும். 'திருவாதிரைக்கு ஒரு வாய்க் களி' என்பார்கள், எனக்கும் ஒரு வாய்க்கு மேல் இறங்காது, கூட்டு மட்டும் இரண்டு கரண்டி. மார்கழி 27-ஆம் நாள் கூடாரவல்லி, முழங்கை வழி நெய் வாரும் அக்காரவடிசல்.

சங்கீத சீசனைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோது கூடவே ஒரு இசை மாநாடும் நடந்தது. அதன் தொடர்ச்சியாக 1928-ல் மியூசிக் அகாடமி பிறந்தது. டிசம்பர் சீசன் என்கிற வழக்கம் அங்கிருந்து வளர்ந்ததுதான். யுனெஸ்கோவும் 2017-ல் சென்னையை இசைக்கான படைப்பு நகரங்களில் சேர்த்தது. ஆனால் மார்கழிச் சென்னை என்றாலே மயிலாப்பூரும் சபாவும்தான் என்பது போலப் பத்திரிகைகள் எழுதுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எங்கள் பக்கத்தில் சபா வாசலையே மிதிக்காமல் மார்கழியை முழுசாகக் கழிக்கிற வீடுகள்தான் அதிகம். இருந்தாலும் ஒரு தடவை போய்ப் பாருங்கள். பல சபாக்களில் காலை, மதியக் கச்சேரிகளுக்கு டிக்கெட் கிடையாது. கேன்டீனுக்குக் கச்சேரி கேட்டிருக்க வேண்டும் என்கிற கட்டாயமும் இல்லை. நானும் என் வீட்டுக்காரரும் வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போவோம். அவர் கீரை வடைக்கும் காசி அல்வாவுக்கும், நான் பாட்டுக்கும். விடியற்காலையில் மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயில் மாட வீதிகளில் நடக்கும் பஜனையையும் கேளுங்கள். பாபநாசம் சிவன் முன்னின்று பாடிச் சென்ற வீதிகள் அவை.

தரைத்தள வீட்டு அக்கா குடும்பம் கிறிஸ்தவர்கள். டிசம்பர் பிறந்ததும் அவர்கள் வாசலில் காகித நட்சத்திரம் ஏறும். எங்கள் அகல் விளக்கும் அவர்கள் நட்சத்திரமும் ஒரே சுவரில் எரிகிற வாரம் ஒன்று உண்டு. கேரல் பாட வருகிறவர்கள் ராத்திரி பதினொரு மணிக்கு கிதாரோடு வந்து மாடி வீட்டுக்கும் சேர்த்துப் பாடிவிட்டுப் போவார்கள். பண்டிகைக்கு முந்தின வாரம் அச்சு முறுக்கும் குல்குல்லும் சுடுவதற்கு நான் போய் உட்கார்ந்துகொள்வேன். அச்சை எண்ணெயில் காயவைத்து மாவில் முக்கால்வாசி மட்டும் முக்க வேண்டும், முழுதும் மூழ்கினால் மாவு அச்சை விட்டு வராது. இருபத்தி நாலாம் தேதி ராத்திரி அவர்கள் பெரம்பூர் லூர்து அன்னை கோயில் பூசைக்குப் போய் வருவார்கள். மறுநாள் பிரியாணி. கொழுந்தனார் மலைக்குப் போய்த் திரும்பவில்லை என்றால் எங்களுக்குக் கேக் மட்டும் வரும், பிரியாணிக் கணக்கு பாக்கி. மாலையைக் கழற்றிய அடுத்த ஞாயிறு, ஞாபகமாக அந்தப் பாக்கியைத் தீர்ப்பார் அக்கா. அவர்கள் தட்டைக் காலியாகத் திருப்பக் கூடாது என்பதால் எங்கள் பொங்கல், தீபாவளிப் பலகாரம் அதே தட்டில் கீழே இறங்கும். யார் வீட்டுத் தட்டு என்பது இப்போது இரண்டு வீட்டுக்கும் மறந்துவிட்டது.

அரையாண்டு விடுமுறை, புதுக் காலண்டர், அப்புறம் பொங்கலுக்கு வெள்ளையடிப்பது என்று மாதம் ஓடிவிடும். உங்களுக்கு இது தலைப் பொங்கல் என்பதால் உங்கள் வீட்டிலிருந்து சீர் வருவது பற்றிப் பெரியவர்கள் மார்கழி நடுவிலேயே பேச ஆரம்பிப்பார்கள். உங்கள் அம்மாவிடம் இப்போதே சொல்லி வையுங்கள். குளிர் போய்விட்டது என்று மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். 'தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்' என்று இன்னும் இரண்டு மாதத்துக்கு இழுப்பார்கள்.

கடைசிக் கேள்வி, மாமியாருக்கு என்ன வாங்கி வருவது. உங்கள் ஜாக்கெட்டுகளையெல்லாம் அங்கேயே விட்டுவிட்டு, குடை இரண்டும் தண்ணீரில் நனைந்தாலும் கவலையில்லாத ரப்பர் செருப்பும் எடுத்துக்கொள்ளுங்கள். மாமியாருக்கு ஒரு மெல்லிய கம்பளிச் சால்வை, அரக்கு அல்லது கரும்பச்சை நிறத்தில். கையில் கொடுத்ததும், "இந்த ஊர்ல இதெல்லாம் எதுக்கும்மா, காசைப் போட்டு" என்று சொல்லி பீரோவில் வைத்துவிடுவார். மனசு சங்கடப்படாதீர்கள். மார்கழி முதல் தேதி காலை ஐந்து மணிக்குக் கோலப்பொடி டப்பாவோடு வாசலுக்கு வந்து பாருங்கள், தோளில் இருக்கும்.